சாளக்கிராமத்துக்குள் ஒரு கடல்: ஷேல் பாறையில் புதைபடிவம் உருவாவது எப்படி? முழுமையான வழிகாட்டி

வைணவ வீடுகளில் கோயிலாழ்வாரைத் திறந்தால் சின்னச் சம்புடம் ஒன்றில் கரிய, வழவழப்பான கல் இருக்கும். திருமஞ்சனம் முடிந்து துடைத்த ஈரம் காயுமுன் அதை விளக்கருகே பிடித்துத் துவாரத்துக்குள் பார்த்தால், வரிவரியாகச் சுருண்ட சக்கரம் தெரியும். சாளக்கிராமம். வஜ்ரகீடம் என்ற புழு கல்லைக் குடைந்து அந்தச் சக்கரத்தைச் செதுக்கியது என்பது புராணம் சொல்லும் கதை.

நிலவியல் சொல்லும் கதை வேறு திசையில் ஓடுகிறது. அந்தச் சுருள் அம்மோனைட் என்ற கடல்வாழ் உயிரின் ஓடு. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன், இமயமலை பிறப்பதற்கு முந்தைய டெதிஸ் கடலில் அது நீந்தியது. கல் முதலில் இருந்து, உயிர் பிறகு உள்ளே போகவில்லை. உயிர் முதலில்; அதைச் சுற்றித்தான் கல் வந்தது.

எப்படி வந்தது என்பதை இங்கே ஏழு படிகளாகப் பார்க்கலாம். நிலவியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ‘அழுகாமல் தப்பியதால் மிஞ்சியது’ என்றுதான் நாம் எல்லோரும் புதைபடிவத்தைப் பற்றி நினைக்கிறோம். அது பாதி உண்மை. மீதிப் பாதி நாலாவது படியில் இருக்கிறது.

## தொடங்கும் முன்: தெரிந்திருக்க வேண்டிய நான்கு சொற்கள்

ஷேல்: களிமண்ணும் நுண்வண்டலும் இறுகி உண்டான பாறை. அப்பள அடுக்கு போல ஏடு ஏடாகப் பிரியும். இதுவே பூமிக்குள் இன்னும் வெப்பமும் அழுத்தமும் பட்டால் சிலேட்டாகிறது. பழைய பள்ளிக்கூடத்துச் சிலேட்டுப் பலகையின் முன்பிறவி ஷேல்தான்.

அம்மோனைட்: கணவாய், ஆக்டோபஸ் ஆகியவற்றின் உறவுக்கார உயிர். சுருண்ட ஓட்டின் கடைசி அறையில் மட்டும் அது வசித்தது. மற்ற அறைகள் மிதப்பதற்கு. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் மறைந்த அதே பேரழிவுக் காலத்தில் இந்த இனமும் முடிந்துபோனது.

கல்லுருண்டை: ஷேலுக்குள், ஒரு கருவைச் சுற்றிக் கனிமங்கள் சேர்ந்து தனியாக இறுகிய உருண்டை. சாளக்கிராமங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை.

பைரைட்: இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். வெண்கலமும் பொன்னும் கலந்தாற்போல் மின்னும். சில சாளக்கிராமங்களில் தென்படும் பொன்ரேகை இதுதான்.

## படி 1: கடலடியை அடைய வேண்டும்

உயிர் போன அம்மோனைட் உடனே மூழ்கிவிடும் என்று சொல்ல முடியாது. அதைப் போலவே அறைகளுள்ள ஓடு கொண்ட நாட்டிலஸ் இன்றும் வாழ்கிறது; செத்த நாட்டிலஸின் வெற்று ஓடு பல நூறு கிலோமீட்டர் மிதந்து போய்க் கரை ஒதுங்குவதுண்டு. அப்படிக் கரைக்கு வந்த ஓடு, அலையில் உருண்டு நொறுங்கும். அறைகளுக்குள் தண்ணீர் புகுந்து, அலை தீண்டாத ஆழத்தில் அமைதியாகப் படிந்த ஓட்டுக்குத்தான் அடுத்த படி.

இதில் ஒரு பாடம் உண்டு. புதைபடிவம் கிடைத்த இடமும் அந்த உயிர் வாழ்ந்த இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

## படி 2: தின்பவர்களிடமிருந்து தப்ப வேண்டும்

கடலடியில் எதுவும் வீணாவதில்லை. நண்டு, புழு, நட்சத்திர மீன் என்று பந்திக்கு முந்த ஆயிரம் பேர். மண்ணுக்குள் வளை தோண்டும் உயிர்கள் புதைந்ததையும் கிளறிவிடும்.

இவர்கள் எல்லோருக்கும் ஆக்சிஜன் வேண்டும். அது குறைந்த கடலடியில் இவர்கள் குறைவார்கள். அடியோடு இல்லாத இடத்தில் இருக்கவே மாட்டார்கள். கழிமுகத்திலோ அலையாத்திக் காட்டிலோ காலை வைத்து எடுத்திருக்கிறீர்களா? மேலே பழுப்புச் சேறு. விரற்கடை ஆழத்தில் கன்னங்கரேலென்று இன்னொரு சேறு, அழுகிய முட்டை நாற்றத்தோடு. அந்தக் கறுப்பு, ஆக்சிஜன் தீர்ந்த இடத்தின் அடையாளம். மக்காத உயிர்ச்சத்தும் இரும்பு சல்பைடும் சேர்ந்த நிறம் அது. கறுப்பு ஷேல் என்பது அந்தச் சேறு பாறையானது.

இதற்குப் பேர்பெற்ற உதாரணம் ஜெர்மனியின் ஹோல்ஸ்மாடன். ஸ்டுட்கார்ட்டுக்கு அருகில், சுமார் 18 கோடி ஆண்டுப் பழைய பொசிடோனியா ஷேல் வெட்டி எடுக்கப்படும் ஊர். இக்தியோசார் என்னும் மீன்வடிவ ஊர்வன, எலும்பு மட்டுமல்ல, தோலின் வெளிக்கோடும் வயிற்றுக்குள் குட்டியுமாக அங்கே கிடைத்திருக்கின்றன. அங்குள்ள ஹாஃப் அருங்காட்சியகத்தில், மிதந்து வந்த மரத்துண்டு ஒன்றைப் பற்றிக்கொண்டு வாழ்ந்த கடல் அல்லி என்ற கடல்விலங்குக் கூட்டம் மரத்தோடு மூழ்கி அப்படியே பதிந்திருக்கும் பாறைப் பலகை இருக்கிறது. ஒரு சுவரையே அடைத்துக்கொள்ளும் அளவு பெரியது.

## படி 3: சேறு மூட வேண்டும்

ஷேலின் களித்துகள் 0.004 மில்லிமீட்டரைவிடச் சிறியது. அசைவற்ற நீரில் 0.002 மி.மீ. துகள் ஒரு நாளில் இறங்குவது சுமார் 30 சென்டிமீட்டர். இந்தக் கணக்கில் 100 மீட்டர் ஆழத்தைத் தொட ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும். இவ்வளவு மெல்ல இறங்கினால் எதை மூடுவது?

விடை நம் வீட்டிலேயே இருக்கிறது. கலங்கிய தண்ணீரில் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரளாகி அடியில் உட்காரும்; தண்ணீர் தெளியும். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அந்த வேலையைச் செய்வது உப்பு. சோதித்துப் பாருங்கள். இரண்டு கண்ணாடித் தம்ளரில் களிமண் கரைத்து, ஒன்றில் மட்டும் இரண்டு கரண்டி உப்பைக் கலக்கி வையுங்கள். உப்புத் தம்ளர் முதலில் தெளியும்.

மூடுவதில் இரண்டு விதம் உண்டு. மழைத்தூறல் போலத் துகள் மேல் துகளாக ஆண்டுக்கணக்கில் படிவது ஒன்று. கடலடிச் சரிவிலிருந்து சேறு திடுமென்று சரிந்து வந்து எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மூடுவது மற்றொன்று. கனடாவின் பர்ஜெஸ் ஷேல் இரண்டாம் வகைக்குச் சான்று. 1909-இல் சார்லஸ் வால்காட் அங்கே கண்டெடுத்த உயிர்களுக்கு வயது 50 கோடி ஆண்டுக்கு மேல். எலும்போ ஓடோ இல்லாத புழுக்களும் கணுக்காலிகளும் கண், குடல், கால் என்று உறுப்பு தெரியக் கரிப்படலமாக நிற்கின்றன. தின்பவர்கள் வந்து சேருமுன் சேறு வந்து சேர்ந்துவிட்டது.

அம்மோனைட்டுக்கு இந்த அவசரம் கிடையாது. ஓடு கெட்டியானது, கொஞ்சம் காத்திருக்கும். ஆனால் அதன் உடல் காத்திருக்காது. அதனால்தான் சாளக்கிராமத்தில் ஓட்டின் வடிவம் இருக்கிறது, அந்த உயிரின் கைகளோ கண்களோ இல்லை.

## படி 4: அழுகலே காவலாக வேண்டும்

இந்தப் படியில் கொஞ்சம் நிதானியுங்கள். மற்றவை எல்லாம் இதைச் சுற்றித்தான் நிற்கின்றன.

சேறு மூடிவிட்டது, ஆக்சிஜன் இல்லை, பெரிய உயிர்கள் இல்லை. அழுகல் நின்றுவிட்டதா? இல்லை. ஆக்சிஜன் தேவைப்படாத நுண்ணுயிர்கள் பொறுப்பேற்கின்றன. கடல்நீரில் சல்பேட் தாராளமாக இருக்கிறது. நாம் ஆக்சிஜனைக் கொண்டு உணவை எரிப்பதுபோல, இவை சல்பேட்டைக் கொண்டு செத்த உடலைச் சிதைக்கின்றன. அந்த வேலையில் இரண்டு கழிவுகள் வெளியேறுகின்றன.

முதல் கழிவு: ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் இதனுடையதுதான். சேற்றில் கரைந்திருக்கும் இரும்போடு இது சேரும்போது முதலில் இரும்பு சல்பைடும், பிறகு பைரைட்டும் உண்டாகின்றன. ஓட்டின் உட்சுவரில், அறைகளின் மடிப்பில் அது பூச்சாகப் படியும். பொன்ரேகையின் பிறப்பு இங்கே.

இரண்டாம் கழிவு: பைகார்பனேட். இதற்கு நாற்றம் இல்லை, நிறம் இல்லை. பெரிய வேலையைச் செய்வது இதுதான். கடல்நீரில் உள்ள கால்சியத்தோடு இது சேர்ந்தால் சுண்ணாம்புக் கனிமமான கால்சைட் படிகிறது. செத்த உடல் எங்கே அழுகுகிறதோ அங்கேதான் பைகார்பனேட் செறிவு அதிகம். ஆகவே கால்சைட்டும் அந்த உடலைச் சுற்றியே சேற்றுத் துகள்களின் இடைவெளிகளை நிரப்பி, சிமெண்ட் போட்டாற்போல் இறுக்குகிறது. கல்லுருண்டை பிறக்கிறது. இடத்தைப் பொறுத்து இரும்புக் கனிமமோ பாஸ்பேட்டோ இதில் கலந்திருக்கலாம்.

இப்போது முதலில் விட்ட பாதியை நிரப்பிக்கொள்ளுங்கள். அழுகலே நடக்காமல் இருந்திருந்தால் கால்சைட் இல்லை, பைரைட் இல்லை, கல்லுருண்டை இல்லை. முழுதாக, வேகமாக நடந்து முடிந்திருந்தால் மிச்சமே இல்லை. தொடங்கி, மெல்ல நடந்து, தன் கழிவாலேயே தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பி நின்றுபோன அழுகல்தான் அம்மோனைட்டைக் காத்தது.

ஹோல்ஸ்மாடனிலும் இதை ஒட்டிய செய்தி உண்டு. அங்கே பொன்னாக ஒளிரும் புதைபடிவங்களைப் பைரைட் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு அவற்றை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட முடிவு வேறு: பைரைட் பெரும்பாலும் சுற்றியுள்ள ஷேலில்தான் இருந்தது, புதைபடிவங்கள் முக்கியமாகப் பாஸ்பேட் கனிமங்களாக இருந்தன. ஆக்சிஜன் அற்ற கடலடிக்குள் அவ்வப்போது கொஞ்சம் ஆக்சிஜன் வந்து போனதே அந்த வேதிவினைக்கு உதவியது என்று அவர்கள் கருதுகிறார்கள். மின்னுவதெல்லாம் பொன்னல்ல, சில சமயம் பைரைட்கூட அல்ல.

## படி 5: நசுங்குமுன் இறுக வேண்டும்

கடலடியில் புதிதாகப் படிந்த சேற்றில் பெரும்பகுதி தண்ணீர்தான். கொள்ளளவில் 70 முதல் 80 சதவீதம் வரைகூட இருக்கும். மேலே மேலே அடுக்கு ஏறும்போது அந்த நீர் பிழியப்பட்டு வெளியேறும். களித்துகள்கள் நுண்ணிய தகடுகள். பாரம் ஏறஏறப் படுத்துக்கொள்ளும். சீட்டுக்கட்டை மேசையில் தட்டி அடுக்கியதுபோல எல்லாம் ஒரே திசையில் கிடக்கும். ஷேல் ஏடாகப் பிரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த அழுத்தத்தில் சேற்றில் நேரடியாகக் கிடக்கும் ஓடு தட்டையாகிவிடும். ஹோல்ஸ்மாடன் அம்மோனைட்டுகள் பலவும் புத்தகத்துக்குள் வைத்த இலைபோல இருப்பது இதனால். கல்லுருண்டைக்குள் அகப்பட்ட ஓட்டுக்கு அந்த ஆபத்து இல்லை. சேறு நசுங்குவதற்கு முன்பே அதன் கவசம் இறுகிவிட்டது.

இதற்கு ஆதாரம் பாறையிலேயே எழுதியிருக்கும். ஷேல் சரிவில் கல்லுருண்டை பதிந்திருக்கும் இடத்தில் அடுக்குகளைக் கவனியுங்கள். தூரத்தில் நேர்க்கோடாக வரும் அடுக்கு, உருண்டையை நெருங்கியதும் மேலும் கீழுமாக வளைந்து அதைச் சுற்றிக்கொண்டு போகும். ஆற்றுக்குள் பாறையைக் கண்டு நீர் விலகுவது போல. உருண்டை முந்தியது, நசுங்கல் பிந்தியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

## படி 6: ஓடு தன் பொருளை மாற்றிக்கொள்ள வேண்டும்

அம்மோனைட்டின் ஓடு அரகோனைட் என்ற கனிமத்தால் ஆனது. அது நிலையற்றது, காலப்போக்கில் கால்சைட்டாக மாறும், அல்லது கரைந்தே போகும். கரைந்து போனால் சுவாமிமலையில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. மெழுகுச் சிலையை மண்ணால் பொதிந்து சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகம் நிரம்பும். ஓடு கரைந்த வெற்றிடம் ‘அச்சு’. அதில் வேறு கனிமம் நிரம்பினால் அது ‘வார்ப்பு’. ஓட்டின் உள்ளே நுழைந்த சேறு இறுகினால், அது உட்பக்கத்தின் அச்சு.

## படி 7: கடல் மலையேற வேண்டும்

இதுவரை நடந்த அனைத்தும் பூமிக்குள். யார் கண்ணிலாவது பட வேண்டுமானால் பாறை மேலே வர வேண்டும்.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கியது. நடுவிலிருந்த டெதிஸ் கடல் மூடிக்கொண்டது; அதன் அடிச்சேறு மடிந்து எழுந்து மலையானது. எவரெஸ்ட் சிகரத்தின் உச்சிப் பாறையே கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்தான். டெதிஸின் கறுப்புச் சேறு, இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கின் பெயரால் ‘ஸ்பிட்டி ஷேல்’ என்று அழைக்கப்படுகிறது. அந்த வரிசைப் பாறைகள் நேபாளத்திலும் தொடர்கின்றன.

நேபாளத்தில் 8,167 மீட்டர் தவளகிரிக்கும் 8,091 மீட்டர் அன்னபூர்ணாவுக்கும் நடுவே வெட்டிக்கொண்டு இறங்குகிறது காளி கண்டகி ஆறு. அதன் மேற்பகுதியில், 3,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது முக்திநாத். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமம் என்று வைணவர்கள் போற்றுவது இந்தத் தலத்தை. திருமங்கையாழ்வாரும் பெரியாழ்வாரும் பாடியிருக்கிறார்கள். அந்த மலைச்சரிவுகளில் மழையும் பனியும் மென்மையான ஷேலை எளிதில் உதிர்க்கின்றன. கடலைத் தொலி போய்ப் பருப்பு மிஞ்சுவதுபோலக் கல்லுருண்டைகள் மிஞ்சுகின்றன. ஆறு அவற்றை உருட்டி வழவழப்பாக்குகிறது. மோதியதில் ஒரு பக்கம் உடைந்தால் துவாரம், துவாரத்துக்குள் சுருள். சக்கரம் தயார்.

## கல் கையில் கிடைத்தால் எதைப் பார்ப்பது?

1. சுருள்: அம்மோனைட்டில் பெரும்பாலானவை படுக்கையாக வைத்த கயிற்றுச் சுருள்போல ஒரே தளத்தில் சுற்றும். நத்தை போலக் கூம்பாக எழும்பினால் அது அநேகமாக வேறு உயிர்.
2. விலாவரிகள்: ஓட்டின் குறுக்கே ஓடும் மேடுகள். சில இனங்களில் ஒன்று இரண்டாகக் கிளைக்கும். எல்லா வரியும் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவாக, உளித்தடத்தோடு இருந்தால் அது மனிதர் செதுக்கியதாக இருக்கலாம்.
3. அறைச்சுவர்க் கோடு: மேலோடு போன இடங்களில் இலைவிளிம்பு போல நெளிந்த கோடுகள் தெரியலாம். அறைச்சுவர் ஓட்டைத் தொட்ட இடம் அது. அம்மோனைட்டின் கையெழுத்து என்றே சொல்லலாம்.
4. அச்சா, வார்ப்பா: வரி குழிந்திருக்கிறதா, புடைத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.
5. பளபளப்பு: பைரைட் இருந்தால் ஈரத்தில் கவனம் தேவை. ஈரக்காற்றில் அது மெல்ல ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக அமிலத்தைக் கசியவிடும். மஞ்சள், வெள்ளைப் பொடி பூத்துக் கல் விரியும். அருங்காட்சியகங்கள் இதைத் தீராத நோயாகவே அஞ்சுகின்றன. நனைத்த கல்லை நன்றாகத் துடைத்து உலர வைப்பது, பக்திக்கும் நல்லது, பைரைட்டுக்கும் நல்லது.

## புதியவர்கள் செய்யும் மூன்று தவறுகள்

‘இங்கே கிடைத்தவை இங்கேயே வாழ்ந்தவை’ என்பது. கறுப்பு ஷேலில் நீந்தும் உயிர்கள் மிகுந்து, கடலடிவாழ் உயிர்கள் குறைந்து காணப்படுவது வழக்கம். மேலே நல்ல நீரில் வாழ்ந்தவை, கீழே மூச்சுவிட முடியாத சேற்றில் விழுந்திருக்கின்றன. விழுந்தவர் பட்டியல் வேறு, வாழ்ந்தவர் பட்டியல் வேறு.

‘கெட்டியானதுதான் மிஞ்சும்’ என்பது. பெரும்பாலும் சரி. பர்ஜெஸ் ஷேலின் புழுக்கள் அதற்கு விதிவிலக்கு.

பாறையை உடைத்து எடுத்துப் போவது. எந்த அடுக்கில், எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால் மிஞ்சுவது அலங்காரக் கல் மட்டுமே. படம் எடுங்கள், பக்கத்தில் அளவுக்கு ஒரு நாணயம் வையுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

## நம் பக்கத்தில் பார்க்க: காரை

இமயமலை வரை போக முடியாதவர்கள் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குப் போகலாம். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் காவிரிப் படுகையைக் கடல் மூடியிருந்தபோது படிந்த களிப்பாறை அங்கே மழையால் அரிக்கப்பட்டு, மரமற்ற மேடு பள்ளங்களாக விரிந்து கிடக்கிறது. அம்மோனைட்டுகளும், கணவாயின் உறவான பெலம்னைட்டின் தோட்டா வடிவ உள்ளோடுகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. வெயிலில் மினுக்கும் ஜிப்சப் பட்டைகளையும் காணலாம். அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் அங்கே போய்க் கண்ணைப் பழக்கிக்கொண்டு பிறகு காரைக்குப் போவது நல்லது.

இரண்டு நிலங்களையும் இணைக்கும் ஒரு மனிதரும் உண்டு. மொராவியாவில் பிறந்து 1862-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்த பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, ஸ்பிட்டியின் பாறைகளையும் ஆராய்ந்தார். காரைக் களிப்பாறை படிந்த கிரெட்டேசியக் காலத்துத் தென்னிந்திய உயிர்களைப் பற்றிப் பெரும் தொகுதிகளையும் எழுதினார். 1874-இல் மத்திய ஆசியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தார்.

## மறுபடி அந்தக் கல்

இனி கோயிலாழ்வார் முன் உட்காரும்போது அந்தத் துவாரத்துக்குள் இன்னொரு முறை பாருங்கள். அந்தச் சுருளைக் குடைந்த புழு எதுவும் இல்லை. அது அம்மோனைட் தானே கட்டிக்கொண்ட வீடு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர் ஒன்று உள்ளே வேலை பார்த்தது என்ற அளவில் வஜ்ரகீடக் கதை முழுக்கத் தவறிவிடவும் இல்லை. கல்லைக் குடைவதற்குப் பதிலாக அது கல்லைக் கட்டியது, அவ்வளவுதான் வித்தியாசம்.